மூன்று நாள், ஒரு கார், ஆறு பேர்: குற்றாலம், பாலருவி, பாபநாசம் அருவிகளைப் படம் எடுக்க எப்படித் திட்டமிடுவது?

உறையூரான்:

வணக்கம். ஜூலை இரண்டாவது வாரம் திருச்சியிலிருந்து கிளம்பி மூன்று நாள் குற்றாலம் பக்கம் போகிறோம். நான், மனைவி, 6 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. சொந்த வண்டி, ஏழு பேர் உட்காரலாம். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. படி அதிகம் ஏற மாட்டார்.

குளியல் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த முறை அருவிகளை ஒழுங்காகப் படம் எடுத்துவிட வேண்டும். கேமரா கேனான் 200டி. அகலமாக எடுக்க 18-55, தூரத்தை இழுத்து எடுக்க 55-250 என்று இரண்டு லென்ஸ், ஒரு முக்காலி. ஃபில்டர் எதுவும் கிடையாது.

போட்டு வைத்திருக்கும் பட்டியல்: பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, பாலருவி, பாபநாசம் அகத்தியர் அருவி, மணிமுத்தாறு, திற்பரப்பு.

எந்த அருவிக்கு எந்த நேரம் போனால் வெளிச்சம் சரியாக இருக்கும்? தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வர என்ன செட்டிங்? பகலில் எடுத்தால் தண்ணீர் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது, லென்ஸிலும் பனி படர்ந்துவிடுகிறது. இதற்கெல்லாம் என்ன வழி? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றி.

தென்காசித் தென்றல்:

தம்பி, எட்டு அருவிக்கும் மூணு நாள்ல போயிட்டு வந்துரலாம். ஆனா ஒரு நல்ல படம்கூடத் தேறாது. முதல் வேலையா திற்பரப்பை அடிச்சிருங்க. தென்காசியிலேர்ந்து திருநெல்வேலி, நாகர்கோவில் வழியா ஏறக்குறைய 170 கிலோமீட்டர். அது கன்னியாகுமரி போற ஒரு பயணத்துல சேர வேண்டிய அருவி. மணிமுத்தாறையும் பாபநாசத்தையும் ஒரே காலையில வச்சுக்கிட்டா ரெண்டுமே அரைகுறையா முடியும், அதனால அதுல ஒண்ணு. புலியருவி சின்னது, பிள்ளைங்க குளிக்க நல்லாருக்கும். கேமராவுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. மிச்சம் அஞ்சு. மூணு நாளைக்கு அதுவே சரியான கணக்கு.

வெளிச்சத்துக்கு ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. குற்றாலம் மலையோட கிழக்குச் சரிவுல இருக்கு. காலை வெயில் நேரா பாறை மேல விழும். சாயங்காலம் மூணரை, நாலு மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால போய் அருவி முழுக்க நிழல் இறங்கிரும். தண்ணி பட்டு மாதிரி வரணும்னா அந்த நிழல்தான் வேணும். வானவில்லோட எடுக்கணும்னா காலை.

முதல் நாள் அஞ்சு மணிக்குக் கிளம்புங்க. திருச்சி-மதுரை 135 கிலோமீட்டர், நாலுவழிச் சாலை, பிரச்சினை இல்ல. திருமங்கலத்துல பிரிஞ்சு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர்னு ஊர் ஊரா நுழைஞ்சு வர்ற ரோடு. மதுரையிலேர்ந்து தென்காசி 160 கிலோமீட்டர்தான். இருந்தாலும் மணிக்கு 45-க்கு மேல சராசரி வராது. சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தா மதியம் ஒரு மணிக்கு ரூமுக்கு வந்திரலாம். பிள்ளைங்க ஒரு மணி நேரம் தூங்கட்டும். மூணரைக்கு ஐந்தருவி. ரோட்டுப் பக்கத்துலயே இருக்கு, அப்பாவுக்கு நடை குறைச்சல். ஒரே பாறை முகத்துல அஞ்சு கிளையா பிரிஞ்சு விழும், அகலமான அருவி. 18-55 போதும்.

ரெண்டாம் நாள் பேரருவி. ராத்திரியும் விளக்கு வெளிச்சத்துல ஆளுங்க குளிச்சுக்கிட்டே இருப்பாங்க, அதனால ஆளே இல்லாத பேரருவி கிடைக்கும்னு நம்பி நாலு மணிக்கு எழுந்திரிக்க வேண்டாம். ஜூலையில சூரியன் ஆறு மணி சுமாருக்கு வரும்; அஞ்சரைக்கு இடத்துல நின்னா போதும். கீழ் பாதியை விட்டிருங்க. 55-250-ஐ மாட்டி மேல் பாதியை மட்டும் எடுங்க. உச்சியிலேர்ந்து வர்ற தண்ணி நேரா கீழ விழாது. நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளத்துல விழுந்து, பொங்கி, அப்புறம்தான் விரிஞ்சு இறங்கும். தண்ணி அங்க முட்டித் திரும்புற இடம்தான் பேரருவியோட உயிர், அகலமா எடுத்தா அது தெரியவே தெரியாது. வரத்து குறைவா இருக்கிற நாள்னா பாறையில செதுக்கியிருக்கிற சிவலிங்கங்கள் ஈரத்தோட தெரியும். 250-ல இழுத்து எடுக்க அது ஒரு தனிப் படம்.

அங்க முடிச்சிட்டு எட்டு மணிக்கு மேல பழைய குற்றாலம், இல்லன்னா நேரா பாலருவி. ரெண்டும் ஒரே நாள்ல வேணாம்னா பழைய குற்றாலத்தை விடுங்க, அங்க அப்பாவுக்குப் படியும் ஜாஸ்தி. பாலருவிக்கு செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் வழியா ஆரியங்காவு. கேரளா வனத்துறை இடம். உங்க வண்டியை வாசல்ல நிறுத்திட்டு டிக்கெட் எடுத்து அவங்க வண்டியில உள்ள போகணும். அதனால முக்காலி, பை, குடை எல்லாத்தையும் முதல்லயே ஒரே மூட்டையா கட்டி வச்சுக்கோங்க. மறந்ததை எடுக்க காருக்கு ஓடி வர முடியாது. சுமார் 300 அடி உயரம், கேமராவை நிமித்தித்தான் பிடிக்கணும். பக்கத்துல பழைய திருவிதாங்கூர் காலத்துக் கல்மண்டபம் இருக்கு. அருவிக்கு அளவு காட்ட அதை ஃபிரேம் ஓரத்துல வச்சா உயரம் எவ்வளவுன்னு கண்ணுக்குப் புரியும்.

சொந்த வண்டின்னு சொன்னதால எல்லையில தொல்லை இல்ல. இதைப் படிக்கிற வேற யாராவது மஞ்சள் போர்டு வாடகை வண்டியில போறதா இருந்தா, கேரளா பெர்மிட்டையும் வரியையும் முன்னாடியே டிரைவர்கிட்ட பேசி முடிச்சிருங்க.

கிழமை: செவ்வாய், புதன், வியாழன். சனி, ஞாயிறு வந்தா பார்க்கிங்லயே காலைப் பொழுது போயிரும்.

முக்காலி:

நேரத்தை மேலே அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் கேமரா பக்கம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த வெள்ளைத் திட்டு. சுற்றிலும் கறுத்த ஈரப் பாறை, நடுவில் பளிச்சென்ற தண்ணீர். ஆட்டோவில் விட்டால் கேமரா பாறையைப் பார்த்து, இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தண்ணீரில் விவரம் போய்விடும். போன விவரத்தை அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. எக்ஸ்போஷர் ஈடுகட்டலை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -2/3 அல்லது -1 வைத்து, எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டு முதல் வெளிச்சம் வரை காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரம் சுவரில் முட்டினால் இன்னும் குறையுங்கள். பாறை கறுப்பாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) நிழலைத் தூக்கிக்கொள்ளலாம். ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்யும்படி வைத்துவிடுங்கள்.

அடுத்தது பட்டுத்துணி. பலரும் ஷட்டரை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். ஐந்து வினாடி, பத்து வினாடி போனால் அருவி பஞ்சு மூட்டையாகிவிடும். நார் நாராக இறங்கும் இழை தெரியாது. என் கணக்கு இது: வரத்து அதிகமான நாளில் 1/8 முதல் 1/4 வினாடி போதும். மெல்லிய ஓட்டத்துக்கு 1/2 முதல் 1 வினாடி. கொட்டித் தீர்க்கும் வெள்ளத்தில் பட்டே வேண்டாம், 1/500-க்கு மேல் வைத்து உறைய வையுங்கள். அந்த வேகத்தில்தான் தண்ணீரின் முரட்டுத்தனம் படத்தில் இருக்கும்.

ஃபில்டர் வாங்கினால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 18-55 எஸ்டிஎம், 55-250 எஸ்டிஎம் இரண்டுக்கும் முன்வாய் 58 மில்லிமீட்டர்தான். ஒரே ஃபில்டர் இரண்டிலும் ஏறும். லென்ஸ் முன்விளிம்பில் வட்டத்துக்குள் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் 58 என்று அச்சடித்திருப்பதைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். முதலில் வாங்க வேண்டியது சிபிஎல், அதாவது சுழற்றும் போலரைசர். ஈரப் பாறையிலும் இலையிலும் படரும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிடும்; பச்சை பச்சையாகவே வரும். கூடவே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் குறைக்கும்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும். கையில் காசு இருந்தால் அடுத்து என்டி8, அதாவது வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, மூன்று ஸ்டாப்.

கணக்கு இப்படி: மேகமூட்ட சாயங்கால நிழலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/8-ல் (எஃப் எண் கூடினால் லென்ஸ் துளை சிறுக்கும்) 1/30 காட்டுகிறது என்று வையுங்கள். என்டி8 மட்டும் போட்டால் சுமார் 1/4. சிபிஎல்லும் சேர்ந்தால் 1 வினாடி. இந்த இரண்டிலேயே தேவையான எல்லை முழுதும் வந்துவிடுகிறது. பத்து ஸ்டாப் கறுப்புக் கண்ணாடி அருவிக்குத் தேவையே இல்லை.

ஃபில்டர் இல்லாமல் எஃப்/22 வைத்து ஷட்டரை நீட்டலாமே என்று தோன்றும். வேண்டாம், அதற்கு இரண்டு காரணம். ஒன்று, எஃப்/16 தாண்டினால் இந்த அளவு சென்சாரில் படம் முழுதுமே மழுங்கும். இன்னொன்றை அருவியில்தான் உணர முடியும்: லென்ஸ் மேல் விழுந்த துளி, துளை சிறுக்கச் சிறுக்க விளிம்பு கட்டிய வட்டமாகப் படத்தில் பதியும். 18-ல் எஃப்/16 வைத்தால் ஒவ்வொரு சாரல் துளியும் ஒரு கறை. எஃப்/8-க்குள் இருந்தால் அதே துளி கரைந்து லேசான மங்கலாகத்தான் தெரியும்.

முக்காலியில் ஏற்றியதும் லென்ஸில் கை ஆட்டத்தைச் சமாளிக்க இருக்கும் ஐஎஸ் விசையை அணைத்துவிடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். 2 வினாடி டைமர். முக்காலியின் காலை ஓடும் தண்ணீரில் ஊன்ற நேர்ந்தால் அடிப்பகுதியை மணலுக்குள் அழுத்தி இறக்கிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், அது உட்கார நேரம் எடுக்கும். பையைக் கொக்கியில் தொங்கவிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அருவிக் காற்றில் பை ஆடி முக்காலியையும் ஆட்டும். பையின் அடி தரையில் படும்படி தொங்கவிடுங்கள்.

வானவில்லுக்கு ஒரு எச்சரிக்கை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், 42 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரைதான் எதிரே நிற்கும் சாரலில் வில் தெரியும். ஜூலையில் அது காலை ஒன்பது மணி வரை. வில்லின் ஒளி துருவப்பட்டது. அதனால் சிபிஎல்லைத் தவறான பக்கம் திருப்பினால் கண் முன் இருக்கும் வில் படத்தில் காணாமல் போகும். மெதுவாகச் சுழற்றிப் பார்த்து, வண்ணம் கூடுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

உறையூரான்:

இருவருக்கும் மிக்க நன்றி. திற்பரப்பையும் மணிமுத்தாறையும் அடித்துவிட்டேன். மேலும் சில சந்தேகங்கள். லென்ஸில் படரும் பனிக்கு வழி? மனைவியிடமும் பையனிடமும் போன் மட்டும்தான், அதில் இந்தப் பட்டு வருமா? குடும்பத்தை அருவி முன் நிறுத்தி எடுத்தால் ஒன்று ஆள் கலங்குகிறது, இல்லையென்றால் தண்ணீர் உறைந்துவிடுகிறது. அப்புறம் பாபநாசம் பக்கம் யாராவது சொன்னால் நன்று.

அம்பைக்காரி:

பாபநாசத்தை நான் சொல்கிறேன் தம்பி. தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாக வாருங்கள். வயலும் மலையுமாக நல்ல ரோடு, பிள்ளைகளுக்கும் அலுக்காது. மூன்றாம் நாள் காலையிலேயே ரூமைக் காலி செய்துவிட்டு சாமான்களோடு கிளம்பிவிடுங்கள். பாபநாசத்திலிருந்தே அம்பாசமுத்திரம், திருநெல்வேலி வழியாக நாலுவழிச் சாலையைப் பிடித்தால் திருச்சிக்கு இரவு சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

கோயிலைத் தாண்டியதும் வனத்துறை சோதனைச் சாவடி. அதற்கு மேல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் பை, மது எல்லாம் சோதனை போட்டு எடுத்துவிடுவார்கள். கேமராவுக்கு மழை உறையாக நெகிழிப் பை கொண்டுவரும் வழக்கம் இருந்தால் அது இங்கே போய்விடும். துணி உறையோ ரெயின்கோட் துண்டோ வைத்துக்கொள்ளுங்கள். டிரோன் கூடவே கூடாது. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும், தனியார் வண்டிகளை மேலே விட மாட்டார்கள். உங்கள் தேதி அதில் விழுகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அகத்தியர் அருவியில் வருஷம் முழுதும் தண்ணீர் இருக்கும். குற்றாலத்தில் சாரல் ஏமாற்றினாலும் உங்களுக்கு ஒரு அருவி உறுதி. அதனால்தான் மணிமுத்தாறை விட்டு இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். மணிமுத்தாறில் அருவி விழுகிற கசம் (தண்ணீர் தேங்கும் பள்ளம்) ஆழம். ஆறு வயதுப் பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் கேமரா என்பது நடக்காத காரியம்.

குரங்கு. குற்றாலம், பாபநாசம் இரண்டிலும் உண்டு. பை சரசரத்தால் தின்பண்டம் என்று பாய்ந்துவிடும். லென்ஸ் துணி, மூடி, பேட்டரி எல்லாம் ஜிப் போட்ட இடுப்புப் பையில் இருக்கட்டும். கேமராப் பையைத் திறந்தபடி பாறை மேல் வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள். முறுக்குப் பொட்டலத்தையும் கேமராவையும் ஒரே பையில் போடவே போடாதீர்கள்.

அடுத்தது நான் அழுத்திச் சொல்ல வேண்டியது. இந்த அருவிகளெல்லாம் காட்சிப் பொருள் இல்லை, ஜனங்கள் ஈரத் துணியோடு குளிக்கிற இடம். பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. "அகலமாக எடுத்தேன், அவர்கள் தற்செயலாக விழுந்துவிட்டார்கள்" என்ற சமாதானம் செல்லாது. 250 லென்ஸை மாட்டிக்கொண்டு குளிக்கும் கூட்டத்துக்கு எதிரே நின்றால் நீங்கள் பாறையைத்தான் எடுக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது, அவர்கள் பதறுவதில் நியாயம் இருக்கிறது. காவலுக்கு நிற்கும் போலீஸிடம் முதலில் போய் "மேல் பாதியை மட்டும் எடுக்கிறேன்" என்று சொல்லி, ஒரு படத்தை எடுத்துத் திரையில் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அம்மாவையோ மனைவியையோ பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் சுற்றி இருப்பவர்களுக்கும் நிம்மதி.

வெள்ளம் பற்றி அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் போகும் முன்பே சொல்லிவையுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் கொட்டினால் சில நிமிஷத்தில் தண்ணீர் ஏறும். தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இதில் எதைக் கண்டாலும் முக்காலியை விட்டுவிட்டு மேட்டுக்குப் போக வேண்டும். வியூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்திருப்பவர் இதையெல்லாம் கடைசியாகத்தான் கவனிப்பார். அதனால் நீங்கள் படம் எடுக்கும்போது பெரியவர் ஒருவர் தண்ணீரின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி என்றீர்களே, உட்கார்ந்தபடி இந்த வேலையை அவர் செய்யலாம்.

காலுக்கு ஹவாய்ச் செருப்பு வேண்டாம். பின்வார் உள்ள, அடியில் பள்ளம் போட்ட ரப்பர்ச் செருப்பு. வெளுத்துக் காய்ந்த பாறையில் மட்டும் கால் வையுங்கள். கரும்பச்சையாகப் பளபளக்கும் பாறை பாசி. ஒரு அடிகூட நம்ப முடியாது.

முக்காலி:

அக்கா சொன்ன காவல் ஏற்பாடு மிகச் சரி. விட்டுப்போன கேமராக் கேள்விகளுக்கு வருகிறேன்.

பனி படர்வது லென்ஸ் கோளாறு இல்லை. ஏசியில் குளிர்ந்த கண்ணாடியை ஈரக் காற்றில் நீட்டுகிறீர்கள், குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வியர்ப்பதுபோல் லென்ஸ் வியர்க்கிறது. சாரல் காலத்தில் குற்றாலக் காற்றில் ஈரம் நிரம்பியிருக்கும், அதனால் அங்கே இது அதிகம். வண்டியில் கேமராப் பையை இருக்கையில் வைக்காமல் பின்னால் டிக்கியில், ஏசிக் காற்று நேரடியாகப் படாமல் வையுங்கள். ரூமில் ராத்திரி ஏசி ஓடினால், காலையில் ஜிப்பைத் திறக்காமல் பையை அப்படியே வராந்தாவில் 20-30 நிமிஷம் வைத்துவிட்டு, அப்புறம் திறவுங்கள். அதற்குள் எல்லோரும் குளித்துக் கிளம்பிவிடலாம். மீறிப் படர்ந்துவிட்டால் வெளிக் கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை, திரும்பத் திரும்பப் படரும். காத்திருங்கள். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றாதீர்கள், ஈரம் சென்சாருக்குப் போகும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். அரிசி வேண்டாம், அதன் மாவு ஜூம் வளையத்துக்குள் போய் உட்காரும்.

சாரல் வேறு பிரச்சினை. காற்று அருவியிலிருந்து உங்கள் முகத்துக்கு அடிக்கும், நேர் எதிரே நின்றால் பத்து வினாடியில் கண்ணாடி நனையும். முப்பது, நாற்பது அடி பக்கவாட்டில் ஒதுங்கினாலே பாதி குறையும். அப்புறம் இந்த வரிசை: லென்ஸ் மேல் துணி மூடியிருக்க, ஃபிரேமைக் கட்டுங்கள். ஒரு முறை துணியை எடுத்து ஃபோகஸ் பிடித்து எம்எஃப்-க்கு (ஃபோகஸ் தானாக மாறாத முறை) மாற்றிவிடுங்கள். ஒருவர் குடையை லென்ஸுக்கு முன்னே சாய்த்துப் பிடிக்கட்டும். கண்ணாடியைத் துடையுங்கள், டைமரை அழுத்துங்கள், விளக்கு மின்னும்போது குடை விலகட்டும். உங்கள் 11 வயதுப் பிள்ளைக்கு இந்தக் குடை வேலை நன்றாக வரும். மைக்ரோஃபைபர் துணி குறைந்தது ஐந்து வேண்டும். ஒன்று நனைந்ததும் அது துடைக்காது, தண்ணீரைக் கண்ணாடி முழுதும் இழுத்துப் பரப்பும். கேமரா உடம்பைத் துடைக்க நாலு தடவை துவைத்த மெல்லிய துண்டு போதும்.

லைவ் வியூ திரையில் அதிக நேரம் ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்று கையில் இருக்கட்டும்.

போன்: ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து லாங் எக்ஸ்போஷர் தேர்ந்தெடுத்தால் பட்டு வரும். எடுக்கும் மூன்று வினாடியும் கை ஆடக் கூடாது, பாறையிலோ கம்பியிலோ முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். பிக்சல் போன்களில் 6 வரிசையிலிருந்து இதற்கென்றே தனி முறை உண்டு. மற்ற ஆண்ட்ராய்டுகளில் புரோ முறைக்குப் போய் ஐஎஸ்ஓவைக் குறைந்த எண்ணுக்கு இறக்கி, ஷட்டர் 1/8 வையுங்கள். பெரும்பாலான போன்களில் துளை அளவை மாற்ற முடியாததால் பகலில் வெளுத்துவிடும். ஐந்தருவி சாயங்கால நிழலில் சரியாக வரும். தண்ணீர் தாங்கும் தரமாக ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது தேங்கிய நல்ல தண்ணீரில் சோதித்த கணக்கு. அருவி அறைவதை அது தாங்கும் என்று பொருளில்லை. நனைந்த போனைச் சார்ஜில் போடாதீர்கள், துளையைக் கீழே பார்க்க நிறுத்திக் காயவிடுங்கள்.

குடும்பப் படத்துக்கு நல்ல வழி இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பது. முக்காலியை அசைக்காமல், ஃபோகஸை மாற்றாமல், ஆட்கள் நிற்க 1/125-ல் ஒன்று. ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினாலும் பரவாயில்லை. உடனே ஐஎஸ்ஓ 100, 1/4-ல் இன்னொன்று. கணினியில் இரண்டாவதை மேலே போட்டு, ஆட்கள் இருக்கும் இடத்தை மட்டும் அழித்தால் கீழே உள்ள தெளிந்த முகங்கள் வந்துவிடும். ஃபில்டரைக் கழற்றி மாட்டினால் ஃபிரேம் நகர்ந்துவிடும், இரண்டையும் சிபிஎல்லோடே எடுங்கள். சேர்க்கிற வேலை வேண்டாம் என்றால் எல்லோரையும் உட்கார வைத்து 1/15-ல் பத்துப் படம் எடுங்கள். உட்கார்ந்த ஆள் ஆடுவது குறைவு, பத்தில் ஒன்றிரண்டு தேறும். 1/15-ல் தண்ணீருக்கும் கொஞ்சம் ஓட்டம் வந்துவிடும்.

உறையூரான்:

ஒரே ஒரு கேள்வி. போகிற நாளில் குளிக்கத் தடை போட்டுவிட்டால் திட்டமே கெட்டுவிடுமா?

தென்காசித் தென்றல்:

குளிக்க வந்தவங்களுக்குத்தான் தம்பி கெடும். பேரருவியில பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணி விழுந்தா தடை போட்டு ஆளுங்களை வெளியேத்திருவாங்க. அப்பதான் அருவி ஆளில்லாம முழுசா கிடைக்கும். போலீஸ் கயிறு கட்டின இடத்துக்கு இந்தப் பக்கம் நின்னு 55-250-ல எடுக்கலாம். முக்காலி சொன்ன மாதிரி 1/500, வெள்ளத்துக்குப் பட்டு வேண்டாம். கயித்தைத் தாண்ட மட்டும் நினைக்காதீங்க.

தண்ணி செம்மண்ணா இருக்கிற அன்னைக்குக் கலர் நல்லா வரலன்னா கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, எடுபடும். தடை எடுத்த மறுநாள்தான் அருவி ஜோரா இருக்கும். வரத்தும் குறையாது, தண்ணியும் தெளிஞ்சிரும். அதனால பேரருவியை ரெண்டாம் நாள் காலைன்னு இறுக்கிப் பிடிக்காதீங்க. அன்னைக்குத் தடைன்னா தூர இருந்து ஒரு மணி நேரம் எடுத்துட்டு, மூணாம் நாள் விடியக்காலம் திரும்ப ஒரு தடவை வந்து பாத்துட்டு அப்படியே பாபநாசம் கிளம்புங்க. பெருமழைன்னா பாலருவியையும் மூடிருவாங்க, அதனால செங்கோட்டை தாண்டுறதுக்கு முன்னாடி தங்குற இடத்துல கேட்டுக்கோங்க.

பாலருவி திறந்திருந்து நேரமும் இருந்தா, ஆரியங்காவைத் தாண்டி அதே ரோட்டுல இன்னும் கொஞ்சம் போங்க. கழுதுருட்டியில பதிமூணு கண் பாலம் ரோட்டை ஒட்டியே நிக்கும். 1904-ல திறந்த கொல்லம்-செங்கோட்டை ரயில் பாதையோட கல் பாலம். அப்பா வண்டியிலேர்ந்து இறங்கினதும் பாத்திரலாம், ஒரு படியும் ஏற வேண்டாம்.

திரும்பி வரும்போது மாங்கோஸ்டீன், ரம்புட்டான் சீசனா இருக்கும், பஜார்ல வாங்கிக்கோங்க. மாங்கோஸ்டீன் தோல் சாறு துணியில பட்டா கறை போகாது. லென்ஸ் துடைக்கிற துணியோட ஒரே பையில போட்டுறாதீங்க.